வரைபடத்தில் ஓடும் ரயில்

வடக்கே ஜெனினில் புறப்படுகிறது. மேற்குக் கரையின் மலைமுகட்டை ஒட்டி இறங்கி நாப்லஸ், ரமல்லா, ஜெருசலேம், பெத்லகேம், ஹெப்ரான் என்று ஊர் ஊராகத் தொட்டுப் போகிறது. அப்புறம் மேற்கே திரும்பி, இஸ்ரேலுக்குள் கொஞ்ச தூரம் கடந்து, காசாவில் நுழைந்து, கடலோரமாக மேலேறி காசா நகரில் போய் நிற்கிறது. மொத்தப் பயணமும் ஒன்றரை மணி நேரத்துக்குள். இனி அமையப்போகும் பாலஸ்தீன நாட்டுக்கென்று அமெரிக்காவின் ராண்ட் ஆய்வு நிறுவனம் 2005 ஏப்ரலில் வெளியிட்ட ஒரு திட்டத்தில்தான் இந்த ரயில் ஓடுகிறது. வேறெங்கும் ஓடவில்லை.

எனக்கு நகரத் திட்ட ஆவணங்களைப் படிக்கும் கிறுக்கு உண்டு. கட்டி முடித்த ஊர்களைவிடக் கட்டப்படாத ஊர்களின் திட்டங்கள் சுவாரசியமானவை, எழுதியவரின் ஆசையெல்லாம் அதில் அப்படியே கிடக்கும். அந்த வகையில் நான் படித்தவற்றில் மனதை மிகவும் இழுத்தது இந்த ‘ஆர்க்’ திட்டம். வில்லாக வளைந்து போகும் அந்தக் கோட்டின் வடிவமே பெயராகிவிட்டது. வடிவமைத்தவர் டக் சூயிஸ்மன், கலிபோர்னியாக்காரர்.

கோட்டின் சூட்சுமம் ரயிலில் மட்டும் இல்லை. ரயில் போகும் அதே தடத்தில் நெடுஞ்சாலை, குடிநீர்க் குழாய், மின்தடம், ஃபைபர் ஆப்டிக் கேபிள் எல்லாம் சேர்ந்து போகும். ஒரு நாட்டுக்கு வேண்டிய முதுகெலும்பை ஒரே தடவையில் தோண்டிப் புதைத்துவிடலாம். அதைவிட எனக்குப் பிடித்தது நிலையங்கள் இருக்கும் இடம். நாப்லஸ் நிலையம் நாப்லஸ் ஊருக்குள் இல்லை, ஹெப்ரான் நிலையம் ஹெப்ரானுக்குள் இல்லை. பழைய நகரத்திலிருந்து சில மைல் தள்ளி நிலையம். இரண்டுக்கும் நடுவில் ஓர் அகலமான சாலை, அதில் விரைவுப் பேருந்து, சாலையின் இருபுறமும் புதுக் குடியிருப்புகள், கடைகள், பள்ளிகள். பழைய கடைவீதியையும் கல்வீடுகளையும் இடிக்க வேண்டியதில்லை. மக்கள்தொகை பெருகப் பெருக ஊர் அந்தச் சாலையைப் பிடித்துக்கொண்டே வளரும், மலைச்சரிவின் ஆலிவ் தோப்புகளை விழுங்காது. அடுத்த பதினைந்து ஆண்டுகளில் மக்கள்தொகை ஏறக்குறைய இரட்டிப்பாகும், வெளியிலிருந்து திரும்பும் அகதிகளும் அதில் அடக்கம் என்ற கணிப்பை வைத்துக்கொண்டு, அத்தனை பேரையும் எங்கே குடிவைப்பது என்ற கேள்விக்குச் சொன்ன பதில் இது. தடத்துக்கு மதிப்பிட்ட செலவு சுமார் 600 கோடி டாலர். கட்டுமானக் காலத்தில் ஆண்டுக்கு ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு வேலை கிடைக்கும் என்றும் கணக்கு.

ராண்ட் என்றால் பலருக்கு நினைவு வருவது பனிப்போரும் அணுகுண்டுக் கணக்குகளும்தான். அமெரிக்க விமானப்படைக்கு யோசனை சொல்வதற்காக 1940களில் பிறந்த இடம் அது. அப்படிப்பட்ட இடத்திலிருந்து நிழல்மரச் சாலையும் பேருந்துத் தடமும் வரைந்து ஒரு திட்டம் வந்ததே கொஞ்சம் வேடிக்கைதான். ஆனால் அந்தப் பருவம் அப்படி. 2004 நவம்பரில் பாலஸ்தீனத் தலைவர் அரஃபாத் இறந்தார். 2005 ஜனவரியில் மஹ்மூத் அப்பாஸ் பாலஸ்தீன அதிபர் தேர்தலில் வென்றார். பிப்ரவரியில் எகிப்தின் ஷர்ம் அல் ஷேக்கில் அப்பாஸும் இஸ்ரேல் பிரதமர் ஏரியல் ஷரோனும் கைகுலுக்கிச் சண்டையை நிறுத்துவதாக அறிவித்தார்கள். காசாவிலிருந்து யூதக் குடியேற்றங்களை அகற்ற ஷரோன் ஏற்கெனவே முடிவெடுத்திருந்தார். நாடு வந்துவிடும், ரயில் டிக்கெட்டுக்கு என்ன நிறம் என்பதுதான் பாக்கி என்று நினைக்க இடமிருந்த சில மாதங்கள் அவை.

ஆர்க் திட்டத்தோடு கூடவே வந்த பெரிய புத்தகம் ஒன்று உண்டு. நிர்வாகம், உள்நாட்டுப் பாதுகாப்பு, மக்கள்தொகை, பொருளாதாரம், தண்ணீர், சுகாதாரம், கல்வி என்று அத்தியாயம் அத்தியாயமாகப் பிரித்து, சுதந்திரம் பெற்ற முதல் பத்தாண்டுக்கு சுமார் 3,300 கோடி டாலர் வேண்டும் என்று கணக்குப் போட்டது. தலைக்கு ஆண்டுக்கு 760 டாலர் மாதிரி. போஸ்னியாவுக்கும் கொசோவோவுக்கும் உலகம் செலவழித்ததோடு ஒப்பிட்டால் இது ஒன்றும் அதிகமில்லை என்பது அவர்கள் வாதம். நேர்மையான புத்தகம்தான். பாலஸ்தீன நிர்வாகத்தின் ஊழலையும் ஒரே ஆளின் கையில் அதிகாரம் குவிந்திருந்ததையும் மூடி மறைக்கவில்லை. இஸ்ரேலின் பாதுகாப்பு அச்சத்தையும் ஒதுக்கிவிடவில்லை.

ஆனால் தொடக்கத்திலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறார்கள்: உடன்பாடு எப்படி வரும் என்பது எங்கள் வேலை இல்லை, வந்துவிட்டது என்று வைத்துக்கொள்கிறோம். நாடு நிலைக்க வேண்டுமானால் நிலம் துண்டு துண்டாக இல்லாமல் தொடர்ச்சியாக இருக்க வேண்டும், ஆட்களும் சரக்கும் எல்லையில் தாராளமாகப் போய்வர வேண்டும் என்றும் நிபந்தனை வைக்கிறார்கள். இந்த வரிகளை முதல் வாசிப்பில் எல்லோரையும் போல நானும் வேகமாகத்தான் கடந்தேன். அதற்குப் பிறகு இருபது வருடமாக நடப்பதைப் பார்க்கும்போது, மொத்தச் சண்டையும் அந்த வரிகளுக்குள்தான் இருக்கிறது என்று தோன்றுகிறது. மீதி நானூறு பக்கமும் பொறியாளர்களால் முடிகிற வேலை.

அந்த வருடக் கடைசியிலேயே ஒரு பரீட்சை நடந்தது. 2005 ஆகஸ்ட், செப்டம்பரில் இஸ்ரேல் காசாவிலிருந்து குடியேற்றங்களையும் படையையும் அகற்றியது. குடியேறிகள் விட்டுப்போகும் பசுமைக்குடில்களை அப்படியே பாலஸ்தீனர்களுக்குக் கொடுத்தால் ஆயிரக்கணக்கான பேருக்கு வேலை கிடைக்குமே என்று ஜேம்ஸ் வுல்ஃபென்சன் யோசித்தார். உலக வங்கித் தலைவராக இருந்து அப்போதுதான் ஓய்வுபெற்றவர், அமெரிக்கா, ஐரோப்பிய ஒன்றியம், ரஷ்யா, ஐ.நா. சேர்ந்த நால்வர் குழுவின் சிறப்புத் தூதர். அமெரிக்க யூதக் கொடையாளர்கள் உள்ளிட்டவர்களிடம் 1.4 கோடி டாலர் திரட்டினார். தன் கைப்பணம் 5 லட்சம் டாலரையும் போட்டார். சில குடில்களைக் குடியேறிகளே பிரித்துப் போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். படை வெளியேறியதும் கூட்டம் புகுந்து குழாய்களையும் பம்புகளையும் பிடுங்கிக்கொண்டு போனது. அதையெல்லாம் சரிசெய்து, நாற்று நட்டு, அந்தக் குளிர்காலத்திலேயே தக்காளியும் ஸ்ட்ராபெரியும் குடைமிளகாயும் ஏற்றுமதிக்குத் தயாராயின.

போக வேண்டிய வழி கர்னி. காசாவின் சரக்குக் கடவை. அங்கே லாரி எல்லையைத் தாண்டாது. காசா லாரி இந்தப் பக்கம் வந்து சரக்கை இறக்கும், சோதனை நடக்கும், இஸ்ரேலிய லாரி அந்தப் பக்கத்திலிருந்து ஏற்றிக்கொள்ளும். முதுகோடு முதுகு என்று அந்த முறைக்குப் பெயர். இரும்புச் சாமானுக்கு இது வெறும் எரிச்சல். ஸ்ட்ராபெரிக்கு மரணம். அமெரிக்க வெளியுறவு அமைச்சர் கோண்டலீசா ரைஸ் இரவெல்லாம் உட்கார்ந்து பேசி 2005 நவம்பர் 15-இல் ஓர் ஒப்பந்தம் கொண்டுவந்தார். வருடக் கடைசிக்குள் கர்னி வழியே நாளுக்கு 150 ஏற்றுமதி லாரி, அடுத்த வருடக் கடைசிக்குள் 400. காசாவுக்கும் மேற்குக் கரைக்கும் நடுவே டிசம்பர் 15 முதல் பேருந்து, அடுத்த மாதம் லாரி அணி. தேதியும் எண்ணிக்கையும் போட்டு எழுதிய ஒப்பந்தம், சும்மா ‘முயற்சி செய்வோம்’ ரகம் இல்லை.

பேருந்து ஒருநாளும் ஓடவில்லை. 400 லாரி என்ற எண்ணை யாரும் நெருங்கவில்லை. 2006-இன் தொடக்க மாதங்களில் பாதுகாப்பு எச்சரிக்கை என்று கர்னி பெரும்பாலும் மூடிக் கிடந்தது. அந்த அச்சம் கற்பனை என்று சொல்ல மாட்டேன். 2005 ஜனவரியில் அதே கர்னியில் நடந்த தாக்குதலில் ஆறு இஸ்ரேலியர்கள் கொல்லப்பட்டிருந்தார்கள். ஆனாலும் பறித்த காய்கனி காத்திருக்காதே. பெட்டி பெட்டியாக அழுகி, கொட்டினார்கள். 2006 ஜனவரியில் ஹமாஸ் தேர்தலில் வென்றது, உதவிகள் நின்றன, 2007 ஜூனில் அப்பாஸின் ஃபத்தாவும் ஹமாஸும் தெருவில் சுட்டுக்கொண்டு காசா தனியாகப் பிரிந்தது. பசுமைக்குடில் கதையைச் சொல்லும்போது இஸ்ரேல் ஆதரவாளர்கள் சூறையாடலோடு நிறுத்திக்கொள்வார்கள், பாலஸ்தீன ஆதரவாளர்கள் கர்னியிலிருந்து ஆரம்பிப்பார்கள். இரண்டுமே நடந்தது. முதலாவதைச் சில வாரங்களில் பழுதுபார்க்க முடிந்தது, இரண்டாவதை முடியவில்லை.

ராண்ட் புத்தகத்தின் தண்ணீர் அத்தியாயத்துக்கு வருகிறேன். இஸ்ரேலும் பாலஸ்தீனர்களும் செய்துகொண்ட 1995-இன் இரண்டாம் ஓஸ்லோ உடன்படிக்கையில் தண்ணீருக்கென்று 40-ஆவது பிரிவு இருக்கிறது. மேற்குக் கரையில் பாலஸ்தீனர்களுக்குத் தண்ணீர் உரிமை உண்டு என்று இஸ்ரேல் அதில் ஒப்புக்கொண்டது. எவ்வளவு என்பது இறுதிப் பேச்சில் முடிவாகும் என்று தள்ளிவைத்தார்கள். இணைப்பில் அன்றைய பயன்பாட்டுக் கணக்கு: மலை நிலத்தடி நீரின் மூன்று படுகைகளிலிருந்தும் இஸ்ரேலுக்கு ஆண்டுக்கு 48.3 கோடி கன மீட்டர், பாலஸ்தீனர்களுக்கு 11.8 கோடி. இதில் மேற்குப் படுகையை மட்டும் பாருங்கள், இஸ்ரேலுக்கு 34 கோடி, பாலஸ்தீனர்களுக்கு 2.2 கோடி. மழை பெருமளவு விழுவது மேற்குக் கரையின் மலையில், நீர் மண்ணுக்கடியில் சரிந்து ஊற்றாகவும் கிணறாகவும் வெளிப்படுவது இஸ்ரேலின் சமவெளியில். கீழே இருப்பவர் பல தலைமுறையாக இறைத்து வந்திருக்கிறார். மேலே இருப்பவர் புதுக் கிணறு தோண்ட இரு தரப்புக் கூட்டுக் குழுவின் சம்மதம் வேண்டும். இடம் ‘சி’ பகுதியில் இருந்தால் இஸ்ரேல் ராணுவ நிர்வாகத்தின் அனுமதியும் வேண்டும்.

‘சி’ பகுதி என்றால் இஸ்ரேலின் முழுக் கட்டுப்பாட்டில் இருக்கும் நிலம், மேற்குக் கரையில் கிட்டத்தட்ட 60 விழுக்காடு. பாலஸ்தீன நிர்வாகம் நடக்கும் ‘ஏ’, ‘பி’ பகுதிகள் அதற்கு நடுவே நூற்றறுபதுக்கும் மேற்பட்ட தீவுகளாகச் சிதறிக் கிடக்கின்றன. ஒரு தீவிலிருந்து இன்னொரு தீவுக்கு ஒரு குழாய் போடக்கூட ‘சி’-யைத் தாண்ட வேண்டும். இது எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ரவாபி சரியான சாட்சி. ரமல்லாவுக்கு வடக்கே பாலஸ்தீனத் தொழிலதிபர் பஷார் மஸ்ரி கட்டிய புதிய நகரம். ராண்ட் சொன்னதைப் போலவே முன்கூட்டித் திட்டமிட்டு, மலைமேல் வரிசையாக அடுக்குமாடி வீடுகள். வேலை தொடங்கியது 2010-இல். நகரம் இருப்பது ‘ஏ’ பகுதி, ஆனால் அங்கே போகிற சாலையும் தண்ணீர்க் குழாயும் ‘சி’ வழியாகப் போக வேண்டும். வீடு கட்டி முடிந்தது, வாங்கியவர்கள் சாவிக்காகக் காத்திருந்தார்கள், குழாயில் தண்ணீர் இல்லை. 2015-இல்தான் இணைப்பு கிடைத்தது. பணம் இருந்தது, ஆள் இருந்தார்கள், வரைபடம் இருந்தது. நன்கொடையே தேவைப்படாத தனியார் முதலீட்டுக்கே இந்தக் கதி.

‘சி’ பகுதியில் பாலஸ்தீனர்கள் தடையில்லாமல் தொழில் செய்ய விட்டால் ஆண்டுக்குச் சுமார் 340 கோடி டாலர் கூடுதல் உற்பத்தி வரும், அதாவது 2011-ஆம் ஆண்டின் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 35 விழுக்காடு என்று உலக வங்கி 2013-இல் கணக்கிட்டது. ராண்ட் கேட்ட 3,300 கோடியை ஆண்டுக்கு 330 கோடி என்று பிரித்துப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டும் வேறு வேறு வகைக் கணக்கு என்பது தெரியும், ஒன்றை எடுத்து இன்னொன்றில் கழித்துவிட முடியாது. இருந்தாலும் உலகத்திடம் கையேந்த வேண்டிய தொகையும், கையைக் கட்டிப்போட்டதால் இழக்கிற தொகையும் இப்படிப் பக்கத்துப் பக்கத்தில் வந்து நிற்பதைப் பார்த்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை.

சரி, பாலஸ்தீனர்கள் தங்கள் பங்கைச் செய்தார்களா? ஒருவர் செய்து பார்த்தார். சலாம் ஃபய்யாத், பன்னாட்டு நிதியத்தில் வேலை பார்த்த பொருளாதார நிபுணர், பிரதமராக இருந்து 2009 ஆகஸ்டில் இரண்டாண்டுத் திட்டம் ஒன்றை அறிவித்தார். ஆக்கிரமிப்பு இருக்கும்போதே நாட்டுக்கு வேண்டிய நிறுவனங்களைக் கட்டி முடிப்பது, பிறகு உலகத்தின் முன் போய் நிற்பது. கணக்கு வழக்கு ஒழுங்கானது, போலீஸ் ஒழுங்கானது, வரி வசூல் கூடியது. 2011-இல் உலக வங்கி, பன்னாட்டு நிதியம், ஐ.நா. மூன்றும் ஒவ்வொன்றாக வந்து, நாடு நடத்தும் தகுதி இந்த நிர்வாகத்துக்கு இருக்கிறது என்று எழுதிக் கொடுத்தன. ராண்ட் புத்தகத்தின் நிர்வாக அத்தியாயம் கேட்டதில் பாதிக்கு மேல் தேறிவிட்டது என்றே நான் சொல்வேன். நாடு வரவில்லை. 2013 ஏப்ரலில் ஃபய்யாத் ராஜினாமா செய்தார்.

1994 பாரிஸ் ஒப்பந்தப்படி பாலஸ்தீன இறக்குமதிக்கான சுங்கவரியையும் மதிப்புக்கூட்டு வரியையும் இஸ்ரேல்தான் வசூலிக்கிறது. 3 விழுக்காடு கூலியாகப் பிடித்துக்கொண்டு மீதியை மாதா மாதம் கொடுக்க வேண்டும். நிர்வாகத்தின் வருமானத்தில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு அதுதான். பாலஸ்தீனர்கள் யுனெஸ்கோவில் சேர்ந்தால் நிறுத்துவார்கள், ஐ.நா.வுக்குப் போனால் நிறுத்துவார்கள், சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்துக்குப் போனாலும் நிறுத்துவார்கள். கைதிகளின் குடும்பங்களுக்குக் கொடுக்கும் உதவித்தொகையைக் காட்டி 2019 முதல் ஒரு பகுதியைப் பிடித்தார்கள், 2023 அக்டோபருக்குப் பிறகு இன்னும் இறுக்கினார்கள். ஆசிரியருக்கும் மருத்துவருக்கும் அரைச் சம்பளம் என்பது அங்கே பழகிப்போன விஷயம். அரசின் வருமானம் இன்னொரு அரசின் மனநிலையைப் பொறுத்து வரும்போது, நல்ல நிர்வாகம் என்று யாருக்கு மார்க் போடுவது?

பாலஸ்தீனர்களே நடத்தும் ஆய்வு நிறுவனங்களும் இருக்கின்றன. அவற்றைத்தான் நாம் குறைவாகப் படிக்கிறோம். ரமல்லாவில் கலீல் ஷிகாக்கி நடத்தும் கருத்துக்கணிப்பு மையம் 2003-இல் மேற்குக் கரை, காசா, ஜோர்டான், லெபனான் அகதிகளிடம் ஒரு பெரிய கணக்கெடுப்பு நடத்தியது. திரும்பும் உரிமையை யாரும் விட்டுக்கொடுக்கவில்லை. ஆனால் நிஜமாகவே தேர்ந்தெடுக்கச் சொன்னால் இஸ்ரேலுக்குள் போய் வாழ விரும்பியவர்கள் சுமார் 10 விழுக்காடுதான். முடிவை அறிவிக்கப்போன அன்று ஒரு கூட்டம் அவருடைய அலுவலகத்துக்குள் புகுந்து அடித்து நொறுக்கியது. எத்தனை பேர் வருவார்கள், எங்கே குடியேறுவார்கள் என்று ராண்ட் போட்ட மாதிரி அனுமானங்களுக்கு உயிர்நாடியான கேள்வியை ஒருவர் நேராகப் போய்க் கேட்டதற்குக் கிடைத்த பரிசு அது. ராண்டின் தலைமையகம் இருக்கும் சாந்தா மோனிகாவில் உட்கார்ந்து எழுதுகிறவருக்கு இந்தத் தொல்லை கிடையாது. இஸ்ரேலிய, பாலஸ்தீனப் பொருளாதார அறிஞர்கள் சேர்ந்து உழைக்கும் எக்ஸ் குழுவும் அகதிகளுக்கான இழப்பீட்டையும் மறுவாழ்வையும் 5,500 கோடி முதல் 8,500 கோடி டாலர் வரை என்று 2007-இல் மதிப்பிட்டது. எண்களுக்குப் பஞ்சமே இல்லை.

ராண்ட் பத்து வருடம் கழித்து 2015-இல் திரும்பவும் வந்தது. இந்தமுறை ரயில் இல்லை, கணக்கு மட்டும். இரு நாட்டுத் தீர்வு வந்தால் பத்தாண்டில் இஸ்ரேலுக்கு 12,300 கோடி டாலர் லாபம், பாலஸ்தீனர்களுக்கு 5,000 கோடி. திரும்ப வன்முறை வெடித்தால் இஸ்ரேலுக்கு 25,000 கோடி நஷ்டம். தலைப்புச் செய்தி அப்படித்தான் போனது: அமைதி இரு தரப்புக்கும் லாபம். எனக்கு அதில் முக்கியமாகப் பட்டது தலைவீத வருமானக் கணக்கு. அமைதியால் ஒரு பாலஸ்தீனரின் வருமானம் சுமார் 36 விழுக்காடு உயரும். இஸ்ரேலியருக்கு 5 விழுக்காடு. டெல் அவிவில் வேலை பார்க்கும் ஒருவர் இந்த 5 விழுக்காட்டுக்காகத் தன் பாதுகாப்பைப் பணயம் வைப்பாரா? மாட்டார். அவருடைய அரசியல்வாதியும் மாட்டார். இப்போதிருக்கும் நிலைமை வலுவானவருக்குப் பெரிய செலவில்லாமல் நீடிக்கக் கூடியது என்பதை, சமாதானத்துக்காக எழுதப்பட்ட அந்த அறிக்கையே தன்னையறியாமல் காட்டிக் கொடுத்தது. அப்படித்தான் ஜெருசலேமில் இஸ்ரேல் ஆட்சியாளர்களும் நினைத்தார்கள். 2023 அக்டோபர் 7-இல் ஹமாஸ் சுமார் 1,200 பேரைக் கொன்று 251 பேரைப் பிணையாகப் பிடித்துப்போனது. அதற்குப் பிறகு காசாவில் நடந்தது எந்த எதிர்காலக் கணிப்பின் அட்டவணையிலும் அடங்காது.

இப்போது நிலவரம் விசித்திரமாக இருக்கிறது. 2025 செப்டம்பரில் பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா, பிரான்ஸ் எல்லாம் பாலஸ்தீனத்தை நாடாக அங்கீகரித்தன. இந்தியா 1988-லேயே செய்தது. அந்தச் செப்டம்பருக்கு முந்தைய மாதம்தான் ஜெருசலேமுக்குக் கிழக்கே இ-1 என்ற சுமார் 12 சதுர கி.மீ. நிலத்தில் 3,400 வீடுகள் கட்ட இஸ்ரேல் ஒப்புதல் கொடுத்தது. ரமல்லா பக்கத்தையும் பெத்லகேம் பக்கத்தையும் கிழக்கு ஜெருசலேம் வழியே இணைக்க மிஞ்சியிருக்கும் நிலம் அது. பாலஸ்தீன நாடு என்ற எண்ணத்தையே இது புதைத்துவிடும் என்று இஸ்ரேல் நிதியமைச்சர் ஸ்மோட்ரிச் வெளிப்படையாகச் சொன்னார். சூயிஸ்மனின் கோட்டை அந்த இடத்தில் வைத்துப் பார்த்தால் அவர் சொல்வது புரியும். நியூயார்க்கில் நாடு உருவாகிக்கொண்டிருந்தபோது மலைமுகட்டில் அதன் நடுத்துண்டு போய்க்கொண்டிருந்தது.

காசாவைத் திரும்பக் கட்ட பத்தாண்டில் 5,300 கோடி டாலர் வேண்டும் என்று உலக வங்கியும் ஐ.நா.வும் ஐரோப்பிய ஒன்றியமும் 2025 பிப்ரவரியில் மதிப்பிட்டன. 2005-இல் முழு நாட்டுக்கும் ராண்ட் கேட்டதைவிட அதிகம், ஒரு சின்னக் கடற்கரைத் துண்டுக்கு மட்டும். அதற்குப் புதுப்புது வரைபடங்கள் வந்துகொண்டே இருக்கின்றன, சிலவற்றில் கண்ணாடிக் கோபுரங்கள்கூட உண்டு. நான் இப்போதெல்லாம் படங்களைப் பார்ப்பதற்கு முன் ஒன்றைத் தேடுகிறேன்: சிமெண்ட் எந்த வழியாக உள்ளே வரும், யார் கையெழுத்தில்? 2014 போருக்குப் பிறகு ஐ.நா. நடுவில் நின்று ஓர் ஏற்பாடு செய்தது. சிமெண்டை ஹமாஸ் சுரங்கப்பாதைக்குக் கொண்டுபோய்விடக் கூடாது என்பதற்காக, வீடு இடிந்தவர் பெயர் பதிந்து, சேதத்தை அளந்து, இத்தனை மூட்டை என்று ஒதுக்கி, அனுமதி பெற்ற கிடங்கில் கேமரா முன்னால் வாங்கிப் போக வேண்டும். வாங்கிய மூட்டை வாசலிலேயே கள்ளச்சந்தையில் கைமாறியது, வீடுகள் வருடக்கணக்கில் பாதியில் நின்றன. 5,300 கோடி டாலர் வேலைக்கு அதே கிடங்கா, அதே கேமராவா, இல்லை காசாவுக்கென்று ஒரு துறைமுகமா என்பதை எந்த அறிக்கை முதல் அத்தியாயத்தில் வைக்கிறதோ அதைக் கடைசிவரை படிப்பேன்.